அம்மிக்கல், பலாப்பழம், துருப்பிடித்த கப்பி: வாட்டர்கலர் பென்சிலில் டெக்ஸ்சர் வருமா, வராதா?

கேள்வி, 9 ஏப்ரல்

24 கலர் வாட்டர்கலர் பென்சில் செட் வாங்கி வீட்டு அம்மிக்கல்லை வரைந்தேன். பென்சிலில் போட்டவரை பிரமாதம். புள்ளி, சொரசொரப்பு எல்லாம் வந்தது. பிரஷை நனைத்து ஓட்டினதும் எல்லாம் கரைந்து சாம்பல் மழுப்பல்தான் மிச்சம். என் முடிவு: பூ, வானம், கடல் வரைய இந்தப் பென்சில் ஆகும், நிஜம் போல டெக்ஸ்சர் கொண்டுவர ஆகாது. இல்லை என்பவர்கள் எப்படி என்று சொல்லட்டும்.

9 ஏப்ரல், இரவு

இல்லை என்கிறேன்.

பென்சிலைத் திட்டுவதற்கு முன் வரிசையைப் பாருங்கள். சொரசொரப்பை முதலில் போட்டுவிட்டுத் தண்ணீரைக் கடைசியில் ஓட்டியிருக்கிறீர்கள். கரையத்தானே செய்யும்? சாதா கலர் பென்சிலில் நிறப்பொடியைப் பிடித்துவைப்பது மெழுகு அல்லது எண்ணெய். இதில் நீரில் கரையும் கட்டுப்பொருளும் சேர்ந்திருக்கிறது. தண்ணீர் பட்டதும் பிடி விட்டுப்போகும். நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த புள்ளி எது, சும்மா தேய்த்தது எது என்று தண்ணீருக்குத் தெரியாது.

தலைகீழாகச் செய்து பாருங்கள். கல்லின் பொது நிறம், வெளிச்சப் பக்கம், நிழல் பக்கம் இவ்வளவுதான் முதலில். லேசாகப் பென்சில், மேலே தண்ணீர். இந்தக் கட்டத்தில் உங்கள் அம்மி மழுமழுவென்று சோப்புக்கட்டி மாதிரி இருக்க வேண்டும், பதறாதீர்கள். முழுக்கக் காயவிடுங்கள். புறங்கையால் தொட்டுப் பார்த்தால் ஜில்லென்று இருக்கக்கூடாது. ஜில்லென்றால் உள்ளே ஈரம் இருக்கிறது. காய்ந்த பிறகு கூரான பென்சிலோடு சொரசொரப்புக்கு வாருங்கள். அதற்கப்புறம் பிரஷைத் தொடவே கூடாது. வாட்டர்கலர் பென்சில் என்று பெயர் இருப்பதற்காக ஒவ்வொரு கோட்டுக்கும் தண்ணீர் காட்டியே தீரவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

10 ஏப்ரல், காலை

பேப்பர் எது என்று கேட்க மறந்தேன். ஸ்கூல் டிராயிங் நோட்டு என்றால் மேலே சொன்னதில் பாதி பலிக்காது. 300 ஜிஎஸ்எம் கனம், கோல்ட் பிரஸ் என்கிற சொரசொரப்பான வாட்டர்கலர் தாள். பருத்தித் தாள் வாங்க முடிந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பழக இது போதும்.

10 ஏப்ரல், மாலை

"சார்ட் பேப்பர்" என்று பதில் வந்திருக்கிறது. சரி. மர்மம் பாதி தீர்ந்தது.

கோல்ட் பிரஸ் தாளைக் கையில் எடுத்து ஜன்னல் பக்கம் சாய்த்துப் பாருங்கள். மேடும் பள்ளமுமாக இருக்கும். பென்சில் மழுங்கியிருந்து, நீங்களும் படுக்கவைத்துத் தேய்த்தால் மேட்டில் மட்டும்தான் நிறம் ஒட்டும், பள்ளமெல்லாம் வெள்ளையாக நிற்கும். பாதிக் கருங்கல் அங்கேயே இலவசமாக வந்துவிட்டது. அதே பென்சிலைக் கூராகச் சீவி நிமிர்த்திப் பிடித்தால் முனை பள்ளத்துக்குள்ளும் இறங்கி வெள்ளையை அடைத்துவிடும். அதனால் கையில் இரண்டு வைத்திருங்கள், ஒன்று கூர், ஒன்று மொட்டை. மொட்டையானதை உடனே ஷார்ப்பனரில் விடும் பழக்கத்தை முதலில் விடுங்கள்.

சார்ட் பேப்பரில் இந்த மேடு பள்ளமே கிடையாது. தண்ணீர் பட்டால் மேல்தோல் உரிந்து திரித்திரியாக வரும்.

11 ஏப்ரல்

அம்மிக்கு வருவோம். இந்த இழையில் நான் உருப்படியாகச் சொல்லப்போவது இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

அம்மி கொத்திய குழி ஒவ்வொன்றும் கறுப்புப் புள்ளி இல்லை. குழிக்கு இரண்டு சுவர் இருக்கிறது. வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வந்தால் குழியின் இடது சுவர் இருட்டாக இருக்கும், வலது சுவரில் வெளிச்சம் விழும். அதாவது வெளிச்சம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் இருட்டு. மேட்டுக்கு இது நேர் எதிர்; வெளிச்சம் வரும் பக்கம் பளிச், மறுபக்கம் நிழல். இதை மாற்றிப் போட்டால் குழியெல்லாம் கொப்புளமாகத் தெரியும். அம்மிக்கு அம்மை வார்த்தது போல ஆகிவிடும். நீங்கள் போட்டிருந்த முதல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லாக் குழியும் நடுவில் கறுத்து, சுற்றிலும் ஒரே மாதிரி. அதனால்தான் பென்சிலில் "பிரமாதமாக" இருந்தபோதே அது கல்லாக இல்லை, புள்ளிபோட்ட துணியாக இருந்தது. கோபப்படாதீர்கள்.

அடுத்தது, டெக்ஸ்சர் எங்கே தெரியும்? நேராக வெளிச்சம் அடிக்கும் இடத்தில் தெரியாது, எல்லாம் வெளுத்துவிடும். ஆழ்ந்த நிழலிலும் தெரியாது. வெளிச்சம் நிழலாக மாறும் அந்த நடுப்பட்டையில்தான் குழியும் மேடும் எழுந்து நிற்கும். நம்பாவிட்டால் இரவில் லைட்டை அணைத்துவிட்டுக் கல்லின் பக்கவாட்டில் டார்ச்சைத் தரையோடு படுக்கவைத்து அடித்துப் பாருங்கள், பிறகு அதே டார்ச்சை மேலிருந்து அடியுங்கள். மேலிருந்து அடிக்கும்போது கொத்து முக்கால்வாசி காணாமல் போகும். ஆகவே கல் முழுக்க ஒரே சீராகக் குழி வைக்காதீர்கள். நடுப்பட்டையில் நெருக்கமாக, வெளிச்சத்தில் அங்கொன்று இங்கொன்று, நிழலில் கண்ணுக்குத் தட்டுப்படாத அளவு. மிச்சத்தைப் பார்ப்பவர் கண்ணே நிரப்பிக்கொள்ளும்.

இன்னொன்று. அரைத்து அரைத்து அம்மியின் நடு தேய்ந்து வழவழவென்று இருக்கும். கொத்து ஆழமாக இருப்பது குழவி அதிகம் போகாத ஓரங்களில்தான். நடுவில் ஒன்றிரண்டு மேலோட்டமான குழி, அதில் ஏறிய மஞ்சள் கறை. இதைப் போட்டால் அது ஒரு கல் என்பது போய், ஒரு வீட்டுக் கல் ஆகிவிடும்.

சாம்பல் பென்சிலைத் தூக்கி அப்பால் வையுங்கள். கருநீல இண்டிகோவும் அடர் பழுப்பும் ஒன்றன்மேல் ஒன்று போட்டுக் கரைத்தால் வரும் சாம்பல்தான் கருங்கல். டப்பாவில் வரும் சாம்பல் சிமெண்ட்.

12 ஏப்ரல்

பலாப்பழம் கேட்டவருக்கு: மேலே மேடு பற்றிச் சொன்னது அப்படியே இங்கே. ஆனால் முள்ளை ஒவ்வொன்றாக வரையத் தொடங்கினால் பழம் அழுகும்வரை முடியாது. முள்ளுக்கும் முள்ளுக்கும் நடுவில் இருக்கும் இடுக்கை வரையுங்கள். முதலில் மஞ்சள்பச்சை வாஷ் (தண்ணீரில் கரைத்த மெல்லிய நிறப்பூச்சு), பழத்தின் உருண்டை தெரிய ஒரு பக்கம் ஆலிவ் பச்சை. காய்ந்ததும் அடர்பச்சைப் பென்சிலால் இடுக்குகளின் வலையைப் போடுங்கள், ஐந்து பக்கம், ஆறு பக்கம், ஒழுங்கில்லாமல். வலைக்குள் மாட்டியதெல்லாம் தானாக முள் ஆகிவிடும். முனைக்கு ஒரு சொட்டுப் பழுப்பு.

நடுவில் இருக்கும் முள் நம்மை நேராகப் பார்க்கிறது, அதனால் அது கட்டத்துக்குள் ஒரு புள்ளி. ஓரத்துக்குப் போகப்போகச் சாய்ந்து, விளிம்பில் மட்டும் பல் பல்லாகத் தெரியும். விளிம்பை வழவழவென்று ஒரே கோட்டில் இழுத்துவிட்டு உள்ளே எத்தனை முள் போட்டாலும் அது பலா இல்லை.

12 ஏப்ரல், இரவு

பழம் வரைந்தபின் என்ன செய்வது என்று கேட்டவருக்கு: எண்ணெய் தடவிய கத்தி.

15 ஏப்ரல்

9ஆம் தேதி "தண்ணீர் முதலில், பென்சில் கடைசியில்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டேன். அதற்கு இரண்டு ஒட்டு போட வேண்டியிருக்கிறது.

ஒன்று, ஈரத்தாளில் பென்சில். தண்ணீரின் பளபளப்பு போய், தாள் இன்னும் ஈரமாக இருக்கும் நேரம் ஒன்று உண்டு. அப்போது பென்சிலால் இழுத்தால் கோடு காய்ந்த தாளில் வருவதைவிட மூன்று மடங்கு கறுப்பாக, ஓரம் லேசாகக் கசிந்து விழும். பனைமரத்து விரிசல், சுவர் வெடிப்பு, கல்லின் பெரிய பிளவு இதற்கெல்லாம் வேறு வழியில் இந்த ஆழம் கிடைக்காது. ஆனால் போட்டது போட்டதுதான், அழியாது. அழுத்தினால் ஈரத்தாள் கீறிப்போகும், அந்தக் கீறலில் பிறகு நிறம் தேங்கும். முனையின் கனம் மட்டும் தாளில் பட்டால் போதும்.

இரண்டு, காய்ந்த அடுக்கு மறுபடி கரையுமா என்ற கேள்வி. முழுக்கக் கரைத்துக் காயவிட்டது பெரும்பாலும் அசையாது. அரைகுறையாக ஈரப்படுத்தியது அடுத்த தடவை தண்ணீர் பட்டால் கிளம்பி வந்து மேல்நிறத்தை அழுக்காக்கும். டெர்வென்ட் கம்பெனியின் இங்க்டென்ஸ் பென்சில் மாதிரி சிலவற்றை, கரைத்துக் காய்ந்தால் மறுபடி கரையாதபடியே செய்திருக்கிறார்கள். அதிலும் கரையாமல் விட்ட துகள் இருந்தால் அது கரையும். எனவே அடித்தளத்துக்குத் தண்ணீர் காட்டும்போது கஞ்சத்தனம் கூடாது, கடைசி அடுக்கில்தான் கஞ்சத்தனம்.

16 ஏப்ரல்

தண்ணீர் நிரப்பிய பிரஷ் பேனா பற்றிப் பலர் கேட்டாச்சு. பயணத்துக்கு வசதி. டெக்ஸ்சருக்கு எனக்குச் சரிவரவில்லை, எப்போது எவ்வளவு விடும் என்று அது முடிவு செய்கிறது. 6ஆம் நம்பர் ரவுண்டு பிரஷ் ஒன்று, 2ஆம் நம்பர் ஒன்று, பக்கத்தில் மடித்த பழைய பனியன் துணி. நனைத்து, துணியில் ஒற்றி, அப்புறம் தாள்.

வாஷ் போடும் ஐந்து நிமிடம் ஃபேனை நிறுத்துங்கள். சித்திரை வெயிலில் வியர்த்துக் கொட்டும், தெரியும். ஃபேன் ஓடினால் ஓரம் முதலில் காய்ந்து கோடு விழும். அதற்குமேல் எத்தனை டெக்ஸ்சர் போட்டாலும் அந்தக் கோடு எட்டிப் பார்க்கும்.

21 ஏப்ரல்

துரு. ஊர்க் கிணற்றில் கிடக்கும் இரும்புக் கப்பியை வரைந்துகொண்டிருக்கிறேன். பென்சிலால் வரைவதைவிட பென்சிலைத் தூளாக்குவதுதான் இங்கே வேலை.

கப்பிக்கு வழக்கம்போல் பழுப்பு வாஷ், காய விட்டாயிற்று. துரு வேண்டிய இடத்தில் மட்டும் சுத்தத் தண்ணீரைத் தடவினேன், மற்ற இடம் பொட்டு ஈரம் இல்லாமல். மேலே உப்புத்தாளைப் பிடித்து ஆரஞ்சு, செம்பழுப்பு, கொஞ்சம் கரும்பழுப்புப் பென்சில்களை உரசினேன். தூள் ஈரத்தில் விழுந்ததும் ஒவ்வொரு துகளும் அது விழுந்த இடத்திலேயே சின்னதாகப் பூத்து, நடுவில் ஒரு கறும்புள்ளி, சுற்றிலும் மங்கலான வளையம் என்று நின்றது. கையால் இப்படிப் போட ஒருநாளும் முடியாது, கை எப்படியும் ஒரு ஒழுங்கைக் கொண்டுவந்துவிடும். காய்ந்த இடத்தில் விழுந்த தூளைப் பிறகு தாளைக் கவிழ்த்துத் தட்டினால் உதிர்ந்துவிடும். விரலால் துடைத்தால் பூசிக்கொள்ளும். ஊதவும் வேண்டாம், எச்சில் தெறிக்கும், தெறித்த இடமெல்லாம் துரு.

கயிறு ஓடும் பள்ளத்தில் துரு கிடையாது, கயிறு உரசி உரசி இரும்பு பளபளவென்று இருக்கும். அங்கே ஒரு தூளும் விழாமல் மாஸ்கிங் டேப் ஒட்டி மறைத்தேன்.

விலை உயர்ந்த பென்சிலை உப்புத்தாளில் தேய்க்க மனசு வராது. பிடிக்க முடியாத அளவு குட்டையான துண்டுகளை ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள், இதற்குத்தான் அவை.

22 ஏப்ரல்

உப்புத்தாள் என்றதும் ஒருவர் கல்லுப்பைத் தூவியிருக்கிறார். அதுவும் ஒரு வித்தைதான், வாட்டர்கலர்காரர்கள் செய்வது. ஈர வாஷில் உப்புக்கல் தண்ணீரை இழுத்து, சுற்றிலும் வெளிர்ப்பூ விழும். பென்சிலைக் கரைத்த வாஷ் மெல்லியது, சீக்கிரம் காய்ந்துவிடும், பூ சரியாக விழாது. டியூப் கலரில் செய்யுங்கள். காய்ந்ததும் உப்பைச் சுத்தமாகத் தட்டிவிட வேண்டும். கடலோர ஊர்க்காரர்கள் உப்பை விட்டுவைத்தால் படம் ஆண்டுக்கணக்கில் ஈரம் குடித்துக்கொண்டே இருக்கும்.

2 மே

ஆட்டுக்குட்டியின் ரோமம், நாய், பூனை என்று கேள்விகள் குவிந்துவிட்டன. அம்மியை விட்டு எங்கேயோ வந்துவிட்டோம். சரி.

ரீஃபில் தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் தாளில் முதலிலேயே அழுத்திக் கோடு கீறி, மேலே கலர் பென்சில் ஓட்டினால் கீறல் வெள்ளை முடியாக நிற்கும் என்று வீடியோக்களில் காட்டுகிறார்கள். சாதா கலர் பென்சிலுக்கு அது சரி. இதில் தண்ணீர் காட்டினதும் கரைந்த நிறம் முழுக்க அந்தப் பள்ளத்தில்தான் போய்த் தேங்கும். வெள்ளையாக நிற்கவேண்டிய மீசைமுடி எல்லாவற்றையும்விடக் கறுப்பாக நிற்கும். ஆகவே வாஷ் காய்ந்த பிறகு கீறுங்கள். அதன்மேல் அடர் பென்சிலைப் படுக்கவைத்து ஓட்டினால் பள்ளத்தில் பென்சில் இறங்காது, கீழே இருக்கும் வெளிர் நிறம் முடி முடியாகத் தெரியும். சுத்த வெள்ளை கிடைக்காது. வாஷின் நிறம்தான் கிடைக்கும். ஆட்டு ரோமத்துக்கு அதுதானே வேண்டும்? இலை நரம்புக்கும் இதே வேலை.

சுத்த வெள்ளை வேண்டுமானால் வெள்ளைப் பென்சிலை நம்பாதீர்கள், அடர் நிறத்தின்மேல் அது பல்லை இளிக்கும். கடைசியில் வெள்ளைப் போஸ்டர் கலரோ கவாஷோ (அடியில் இருப்பதை மறைக்கும் கெட்டி நீர்வண்ணம்) நுனிப் பிரஷில். மீசை, கண்ணின் பொட்டு, அத்தோடு மூடி வைத்துவிடுங்கள்.

3 மே

ரோமத்துக்கு வாத்தியார் வேண்டுமென்றால் ஜெர்மன் ஓவியர் டியூரர் வரைந்த முயல். 1502இல் வரைந்தது, வியன்னாவில் ஆல்பெர்டினா மியூசியத்தில் இருக்கிறது. நீர்வண்ணமும் கவாஷும். அடியில் பழுப்பு வாஷ், அது அங்கங்கே அடர்ந்தும் வெளிறியும். மேலே மெல்லிய கோடுகளாக முடி, இருட்டுக் கோடும் வெள்ளைக் கோடும். பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும், முயல் முழுவதும் ஒரே மாதிரி முடி இல்லை. காதில் குட்டை, மார்பில் நீளம், தொடையில் திசையே மாறுகிறது. எல்லா முடியையும் அவர் வரையவும் இல்லை. ஐநூறு வருஷத்துக்கு முந்திய அந்த ஆளும் அடியில் ஈரம், மேலே கோடு என்றுதான் போயிருக்கிறார்.

வெளிச்சம் பட்டால் கெடும் என்பதால் அசலை எப்போதாவதுதான் வெளியே வைப்பார்கள். வியன்னா போகிறவர்கள் விசாரித்துக்கொண்டு போங்கள். (இந்த இழையில் வியன்னா போகிறவர் யார் என்று தெரிந்தால் பென்சில் வாங்கிவரச் சொல்லலாம்.)

ஃபேபர்-காஸ்டெல் கம்பெனியின் 120 கலர் வாட்டர்கலர் பென்சிலுக்கு அவர் பெயர்தான், ஆல்பிரெக்ட் டியூரர். அவர் நியூரம்பெர்க்காரர், கம்பெனி அதன் பக்கத்து ஊரான ஸ்டைனில் இருக்கிறது, ஊர்ப்பாசம். வேடிக்கை என்னவென்றால் டியூரர் 1528இல் இறந்துவிட்டார். இங்கிலாந்தில் பென்சிலுக்கான கிராஃபைட்டைத் தோண்டி எடுக்க ஆரம்பித்தது அதற்கு அப்புறம். வாழ்நாளில் ஒரு பென்சிலைத் தொடாதவர் பெயரில் 120 பென்சில்! தண்ணீரில் கரையும் கலர் பென்சில் வந்தது இன்னும் வெகுகாலம் கழித்து, 1931இல் ஸ்விட்சர்லாந்தின் காரன் டாஷ் கொண்டுவந்த பிரிஸ்மலோ.

4 மே

எந்தப் பிராண்டு வாங்கலாம் என்று கேட்பார்கள் என்று தெரியும், கேட்டுவிட்டார்கள். 24 போதும். 72 கலர் டப்பா வாங்குபவர்கள் கலக்கப் பழகுவதில்லை. தனித்தனியாகக் கிடைத்தால் இண்டிகோ, அடர் பழுப்பு, செம்பழுப்பு, ஆலிவ், மஞ்சள் ஓக்கர், இந்த ஐந்தை நல்லதாக வாங்குங்கள். டெக்ஸ்சரில் முக்கால்வாசி இதற்குள் அடங்கிவிடும்.

மலிவு செட்டில் இரண்டு கோளாறு. அழுத்தித் தேய்த்தாலும் பாதி கரையாமல் கோடு நிற்கும், வெயில் பட்டால் வெளுக்கும். ரோஸும் ஊதாவும் முதலில் ஓடும். ஒரு துண்டுத் தாளில் எல்லாக் கலரையும் பட்டை போட்டு, பாதியைக் கறுப்பு அட்டையால் மறைத்து, வெயில் விழும் ஜன்னலில் ஒட்டி, இரண்டு மூன்று மாதம் கழித்து அட்டையை எடுங்கள். எதை விற்கும் படத்தில் போடலாம், எதைக் குழந்தையிடம் கொடுக்கலாம் என்று தெரிந்துவிடும்.

19 மே

பித்தளைக் குடம். எல்லோரும் சொரசொரப்பையே டெக்ஸ்சர் என்று நினைக்கிறோம், வழவழப்பும் டெக்ஸ்சர்தான், அதுதான் கஷ்டம். இங்கே கோல்ட் பிரஸ் நமக்கு எதிரி. அம்மியில் உதவிய அதே மேடு பள்ளம் குடத்தை மண்பானை ஆக்கிவிடும். வழவழப்பான ஹாட் பிரஸ் தாள் எடுங்கள். ஓக்கர் வாஷ், காய விட்டு இன்னொரு ஓக்கர், பிறகு பழுப்பு. பென்சிலைத் தாளில் தேய்க்காமல் முனையிலிருந்தே ஈரப் பிரஷால் நிறத்தை எடுத்துப் போடுங்கள், கோடே விழாது. பளபளப்பு என்பது மினுமினு மஞ்சள் இல்லை. வெறும் தாளின் வெள்ளைக்குப் பக்கத்திலேயே ஏறக்குறையக் கறுப்பு நிற்பது. நடுவில் படிப்படியாக மங்கவிட்டீர்களோ, பிளாஸ்டிக் குடம்.

குடத்தில் ஒடுக்கு இருந்தால் நல்ல காலம். வெளிச்சம் அங்கே வளைந்து ஒரு சுழி போடும், அதை மட்டும் கவனமாகப் போட்டால் மற்றதை மன்னித்துவிடுவார்கள்.

27 மே

அம்மிக்காரர் புதுப் படம் போட்டிருக்கிறார், பார்த்தீர்களா? நடுத் தேய்மானம் அருமை. குழிகளில் வெளிச்சம் சரியான பக்கம் விழுகிறது. குழவியின் நிழல் மட்டும் வேறு பக்கம் போகிறது, வீட்டில் இரண்டு சூரியன் போலிருக்கிறது. நிழலுக்கு அடியில் இண்டிகோ இன்னும் ஓர் அடுக்கு தாங்கும்.

"முடிவை வாபஸ் வாங்குகிறேன், பாதி மட்டும்" என்று எழுதியிருக்கிறார். அந்தப் பாதிக்கு எனக்கும் சம்மதம். ஈர மணல், பாசி பிடித்த படித்துறை மாதிரி ஈரமும் சொரசொரப்பும் சேர்ந்து வரும் இடங்களில் நான் இப்போதும் டியூப் கலருக்குத்தான் போகிறேன்.

18 அக்டோபர்

இழை தூங்கிவிட்டது, மழை எழுப்புகிறது. இரண்டு பேர் ஒரே புகார்: போன கோடையில் நன்றாக இருந்த அதே தாளில் இப்போது வாஷ் திட்டுத்திட்டாக உறிஞ்சுகிறது. பென்சிலில் கோளாறு இல்லை. தண்ணீரை உடனே குடித்துவிடாமல் இருக்கத் தாளுக்கு ஜெலட்டின் போன்ற ஒரு பசை கொடுத்திருப்பார்கள். ஈரக்காற்றில் திறந்து கிடந்தால் அந்தப் பசை அங்கங்கே செத்துப்போகும். தாளின் மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். முத்தாக நின்று மெல்ல இறங்கினால் தாள் உயிரோடு இருக்கிறது. வைத்த உடனே உள்ளே போய்க் கறுத்தால் போய்விட்டது. ஒரே தாளில் ஒரு மூலை நன்றாக இருந்து மறு மூலை போயிருக்கும், நாலைந்து இடத்தில் பாருங்கள்.

போன தாளைக் குப்பையில் போடவேண்டாம். தண்ணீர் இல்லாமல் முழுக்கக் காய்ந்த பென்சிலில் மட்டும் வேலை செய்ய அது நன்றாகவே ஆகும். புதுத் தாளை ஜிப் கவரில் போட்டு, பீரோவில் துணிகளுக்கு நடுவில் வையுங்கள். கட்டிலுக்கு அடியிலும் சுவரோரத்திலும் வேண்டாம்.